ஜிஞ்சர், இங்வெர், இஞ்சிவேர்: ஒலி ஒத்தால் போதுமா?

அகராதிப்பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

ஆங்கிலத்தின் ‘ஜிஞ்சர்’ தமிழின் ‘இஞ்சிவேர்’ என்பதிலிருந்து வந்தது என்றும், ஜெர்மானியர் இன்றும் இஞ்சியை ‘இங்வெர்’ என்று அழைப்பதே அதற்குப் போதிய சான்று என்றும் ஒரு செய்தி பல குழுக்களில் சுற்றி வருகிறது. இதன் முற்பாதியில் உண்மை பெருமளவு உண்டு. பிற்பாதி முற்றிலும் தவறு. வலுவுள்ள ஒரு முடிவை வலுவற்ற சான்றின் மேல் நிறுத்தினால், சான்று சரியும்போது முடிவும் நகைப்புக்கு இடமாகிவிடும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் ஜெர்மன் சொல்லைப் பார்ப்போம். பழைய உயர் ஜெர்மனில் இச்சொல் ‘கிங்கிபெரோ’ என்றும் ‘இங்கிபெரோ’ என்றும் இரு வடிவங்களில் பதிவாகியிருக்கிறது. அது இடைக்கால இலத்தீனின் ‘கிங்கிபெர்’ என்பதிலிருந்து கடனாகப் பெற்ற சொல். முதலில் நின்ற மெய் ஜெர்மனுக்குள்ளேயே உதிர்ந்தது. எஞ்சியது தேய்ந்து ‘இங்வெர்’ ஆயிற்று. சுவீடிய மொழியின் ‘இங்கெஃபேரா’, பின்னியத்தின் ‘இன்கிவேரி’, போலியத்தின் ‘இம்பிர்’, ரஷ்யத்தின் ‘இம்பீர்’ ஆகியவை எல்லாம் அந்த வட ஐரோப்பியக் கிளையைச் சேர்ந்தவை. ஆகவே ‘இ’ என்று தொடங்கும் ஜெர்மன் வடிவம், முதலில் மெய்யோடு வழங்கிய கிரேக்க, இலத்தீன் வடிவங்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. ‘இஞ்சிவேர்’ என்பதோடு அது ஒத்து ஒலிப்பது தற்செயல். இந்தத் தற்செயல் இவ்வளவு அழகாக அமைந்துவிட்டதுதான் நமக்கு வாய்த்த கேடு.

ஆங்கிலச் சொல்லின் தடத்தைப் பின்னோக்கிப் பிடித்தால் நிலைமை தெளிவாகிறது. பழைய ஆங்கில மருத்துவக் குறிப்புகளில் ‘கிங்கிஃபெர்’ என்று எழுதப்பட்ட சொல் இருக்கிறது. அக்காலத்து ஆங்கிலத்தில் ‘இ’யின் முன் வரும் அந்த முதலெழுத்து (g) ‘ய’ போல ஒலித்தது. இன்று நாம் கேட்கும் ‘ஜ’ ஒலி அங்கிருந்து நேராக வளர்ந்ததன்று. நார்மானியர் வருகைக்குப் பின்னர், பழைய பிரெஞ்சின் ‘ஜிஞ்சிப்ர்’ என்ற வடிவம் ஆங்கிலத்துக்குள் மறுபடியும் நுழைந்ததால் வந்தது. பிரெஞ்சுக்கும் பழைய ஆங்கிலத்துக்கும் பொதுவான மூலம் பிற்கால இலத்தீனின் ‘கிங்கிபெர்’. அதற்கு முன் செவ்வியல் இலத்தீனின் ‘ஸிங்கிபெரி’, அதற்கும் முன் கிரேக்கத்தின் ‘ஸிங்கிபெரிஸ்’ (இவ்விரண்டிலும் முதலெழுத்தை அதிர்வொலியோடு ஒலிக்க வேண்டும்). கிரேக்கத்துக்கு அப்பால் நிற்பது இந்தியாவின் பிராகிருத வடிவம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அது ‘சிங்கிவேர’. ஒவ்வொரு கண்ணிக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. விவாதம் தொடங்குவது பாலிக்கும் அப்பால்தான். அங்கே நின்று பேசுவோம்.

பொன்னிக்கரை

ஐயா, ஜெர்மன் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் பாலிக்கு அப்பால் விவாதம் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை. சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேரம்’ என்ற சொல் இருக்கிறது. பழைய மருத்துவ நூலாசிரியர்களான சரகரும் சுசுருதரும் அதை ஆள்கிறார்கள். ‘சிருங்கம்’ என்றால் கொம்பு, ‘வேரம்’ என்றால் உடல்; கிளைத்த மான்கொம்பு போன்ற உடலை உடையது என்று பொருள் விரிக்கிறார்கள். ஓர் இஞ்சித் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எவரும் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று உடனே உணர்வார். பொருள் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது அதை விட்டுவிட்டுத் திராவிட மூலத்தைத் தேடிப் போவது, விரும்பிய விடையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு கணக்கைப் போடுவதாகாதா?

பாலி மாணவி

பொன்னிக்கரை அவர்களின் கேள்வி நியாயமானது. விடை ஓர் உயிரெழுத்தில் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில், நோயுற்ற பிக்குகள் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கப்பட்ட வேர் மருந்துகளின் பட்டியல் ஒன்று உண்டு. மஞ்சளை அடுத்து உடனே வருவது ‘சிங்கிவேர’. அதன் பின் வசம்பும் பிறவும் வருகின்றன. சமஸ்கிருதத்தின் ‘சிருங்க’ பாலியில் ‘சிங்க’ என்று ஆகும். பாலியில் கொம்பைக் குறிக்கும் சொல் அதுதான். ஆகவே ‘சிருங்கவேர’ என்பதே மூலமாக இருந்திருந்தால் பாலியில் நமக்குக் கிடைத்திருக்க வேண்டியது ‘சிங்கவேர’. கிடைத்திருப்பதோ ‘சிங்கிவேர’. நடுவில் நிற்கும் அந்த ‘இ’ கொம்பிலிருந்து வர வழியில்லை. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அதே இடத்தில் அதே ‘இ’ நிற்பதைக் கவனியுங்கள். மேற்கே சென்ற வடிவங்கள் பாலியோடுதான் ஒத்துப்போகின்றன. இலக்கியச் சமஸ்கிருத வடிவத்தோடு அல்ல.

இரண்டாவது காரணம் ‘வேரம்’. உடல் என்ற பொருளில் இச்சொல் நிகண்டுகளில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உடலுக்குச் சமஸ்கிருதத்தில் இயல்பாக வழங்கும் சொற்களின் வரிசையில் அதற்கு இடமில்லை. ஒரு கூட்டுச்சொல்லை விளக்குவதற்கு அருஞ்சொல் ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தால், விளக்கம் பின்னர் செய்யப்பட்டது என்று ஐயுறுவது மொழிநூலாரின் வழக்கம். வேறொரு மொழியிலிருந்து வந்த ‘சிங்கிவேர’ போன்ற ஒலித்தொடரைக் கேட்டவர்கள், தமக்குத் தெரிந்த ‘சிருங்க’ என்பதோடு அதைப் பொருத்திக்கொண்டார்கள் என்பதே எளிய விளக்கம்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. கங்கைக்கரையில் குகன் வாழ்ந்த ஊரை வால்மீகி சிருங்கவேரபுரம் என்கிறார்; கம்பரோ ‘சிருங்கிபேரம்’ என்று ‘இ’கரத்தோடு சொல்கிறார். அந்த ஊர்ப்பெயருக்கும் இஞ்சிக்கும் உறவு உண்டு என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. இரு வடிவங்களும் அருகருகே வழங்கின என்பதை மட்டும் காட்டலாம்.

புதியவன்

எனக்கு ஓர் ஐயம். ‘வேர்’ என்பது தமிழ் என்பது தெரிகிறது. மலையாளத்திலும் ‘வேர்’, கன்னடத்தில் ‘பேரு’, தெலுங்கில் ‘வேரு’. ஆனால் முற்பாதி? நம்மிடம் இருப்பது ‘இஞ்சி’. அவர்களிடம் இருப்பது ‘சிங்கி’. முதலில் நிற்கும் ‘ச’ எங்கிருந்து வந்தது? அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்களா?

ஒலியன்

அவர்கள் சேர்க்கவில்லை, தம்பி, நாம்தான் இழந்தோம். தென்திராவிட மொழிகளில் சொல்லின் தொடக்கத்திலிருந்த ‘ச’ பல சொற்களில் உதிர்ந்துபோனது. இதை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மொழியியலாளர் தாமஸ் பர்ரோ விரிவாக ஆராய்ந்தார். ‘கொடு’ என்னும் பொருளுடைய நம் ‘ஈ’, நடு இந்தியாவின் திராவிட மொழியான கோண்டியில் ‘சீ’. நம் ‘ஆறு’ என்னும் எண் கோண்டியில் ‘சாருங்’. கடன் சொற்களிலும் இந்த உதிர்வு நடந்திருக்கிறது. வடமொழியின் ‘ஸஹஸ்ர’ கன்னடத்தில் ‘சாவிர’ என்று ‘ச’வோடு நிற்க, தமிழில் ‘ஆயிரம்’ ஆகிவிட்டது. தமிழுக்குள்ளேயே ‘சிப்பி’, ‘இப்பி’ என்னும் இணையும் ‘சமணர்’, ‘அமணர்’ என்னும் இணையும் இருக்கின்றன. எனவே ‘இஞ்சி’ ஒரு காலத்தில் ‘ச’வோடு தொடங்கியது என்று கொள்வதில் புதுமை ஒன்றுமில்லை.

யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. கொம்பு என்ற விளக்கம் கற்பனையாகவே இருக்க வேண்டும் என்றும், மலையாளத்தின் ‘இஞ்சி’ பழைய நிலையில் ‘சிஞ்சி’ போன்ற வடிவத்தில் இருந்திருக்கலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள். பின்னர் ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் இந்த ஒரே சொல்லின் பயணத்தை ஆராய்ந்து 1952-இல் ஒரு தனி நூலே வெளியிட்டார்.

எதிர்வழக்காடி

நண்பர்கள் எல்லோரும் ஒரே திசையில் நடப்பதால் நான் எதிர்த்திசையில் சில அடிகள் வைக்கிறேன்.

முதலாவது, ‘இஞ்சி’ தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொல். தெலுங்கில் ‘அல்லம்’, கன்னடத்தில் பரவலாக வழங்குவது ‘சுண்டி’, அதுவும் வடமொழியின் ‘சுண்டீ’யிலிருந்து வந்தது. குடும்பத்தின் ஒரு மூலையில் மட்டும் காணப்படும் சொல்லை மூலத்திராவிடச் சொல் என்று கூறுவதற்கில்லை.

இரண்டாவது, காலம். மதுரைக்காஞ்சியில் ‘இஞ்சி மஞ்சள் பைங்கறி’ என்று அடுக்கிச் சொல்லும் இடத்தில் ‘இஞ்சி’ தனித்தே வருகிறது; அதன் பின்னால் ‘வேர்’ இல்லை. பௌத்த மரபின்படி பாலிப் பிடகங்கள் இலங்கையில் ஏட்டில் எழுதப்பட்டது கி.மு. முதல் நூற்றாண்டில், அவற்றின் உள்ளடக்கம் அதற்கும் முந்தியது. ஆக, ‘வேர்’ சேர்ந்த கூட்டுச்சொல் முதலில் கிடைப்பது பாலியில், தமிழில் அல்ல. சங்க நூல்களில் மதிலையும் ‘இஞ்சி’ என்பார்கள்; அது வேறு சொல், அதையும் இதையும் குழப்பிக்கொண்டு காலத்தை முன்னே தள்ளும் கட்டுரைகளைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, செடி. இன்று நாம் பயிரிடும் இஞ்சி எந்தக் காட்டிலும் தானாக வளர்வதாகத் தெரியவில்லை. அதன் உறவுச்செடிகள் செறிந்திருப்பது தென்கிழக்கு ஆசியா. சீனத்தில் ‘ஜியாங்’, தாய்லாந்து மொழியில் ‘கிங்’. செடி கிழக்கேயிருந்து வந்தது என்றால் ‘இஞ்சி’ என்ற முற்பாதியும் அதனோடு வந்திருக்கக் கூடாதா?

நான்காவது, நீங்கள் ஒருவரும் தொடாத ஒன்று. ‘சிங்கி’யில் இருப்பது ‘ங்க்’. ‘இஞ்சி’யில் இருப்பது ‘ஞ்ச்’. முதல் மெய் உதிர்ந்ததற்கு விதி காட்டினீர்கள். நடு மெய் மாறியதற்கு விதி என்ன?

பாலி மாணவி

முதல் மூன்றையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவை எதை மறுக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ‘இஞ்சி’ மூலத்திராவிடச் சொல் அன்று என்றாலும், செடியோடு கிழக்கேயிருந்து வந்த சொல் என்றே வைத்துக்கொண்டாலும், அதன் பின்னால் ‘வேர்’ சேர்ந்த இடம் தென்னிந்தியாவைத் தவிர வேறெது? கிழக்காசிய மொழிகளில் அந்தப் பிற்பாதி இல்லை. மலாய் மொழியின் ‘ஹாலியா’, தகாலோகின் ‘லூயா’ ஆகியவையோ முற்றிலும் வேறொரு குடும்பச் சொல்லிலிருந்து பிறந்தவை. முற்பாதி யாருடையதாக இருப்பினும், கூட்டுச்சொல்லைக் கட்டியவர்கள் வேரை ‘வேர்’ என்றவர்கள்.

ஒலியன்

நான்காவது கேள்விக்கு என் கருத்து. தமிழிலும் மலையாளத்திலும் ‘இ’, ‘ஐ’ போன்ற உயிர்களை அடுத்து வரும் மெல்லின-வல்லின இணை அண்ணத்துக்கு நகர்வது பழக்கமானதுதான்: ஐந்து என்பது அஞ்சு ஆகிறது, பேச்சில் ‘தெரிந்தது’ என்பது ‘தெரிஞ்சது’ ஆகிறது. ஆனால் இவையெல்லாம் ‘ந்த்’ என்பதிலிருந்து பிறந்த ‘ஞ்ச்’. ‘ங்க்’ என்பதிலிருந்து ‘ஞ்ச்’ பிறந்ததற்கு இதேபோல் ஒழுங்கான வரிசை ஒன்றைக் காட்ட முடியாது. எதிர்வழக்காடி தொட்டிருப்பது இந்தக் கொள்கையின் மிக மெலிந்த இடத்தை. சொல் தெற்கிலிருந்து வடக்கே போகும் வழியில் ‘சிங்க’ என்ற கொம்புச் சொல்லின் இழுப்பால் ‘ஞ்ச்’ என்பது ‘ங்க்’ ஆயிற்று என்று கொண்டால் இடர் நீங்கும். இழுப்பு இருந்தது என்பதற்குச் சமஸ்கிருத வடிவமே சாட்சி. ஆயினும் அது விதி ஆகாது, விளக்கம் மட்டுமே.

துறைமுகத்தான்

மொழியியல் எனக்குத் தொலைவு. வணிக வரலாறு பக்கத்திலிருந்து சில செய்திகளைத் தருகிறேன்.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோம எழுத்தாளர் பிளினி, இஞ்சியைச் சிலர் மிளகுச் செடியின் வேர் என்று எண்ணுவது தவறு என்கிறார். அது அரேபியாவிலும், செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையை அடுத்த திரோகோதிதிக்காவிலும் விளைகிறது என்றும், விரைவில் உளுத்துப்போகும் என்றும், ஒரு இறாத்தல் ஆறு தினாரியம் (உரோம வெள்ளிக்காசு) விலை என்றும் எழுதுகிறார். கருமிளகுக்கு அவர் தரும் விலை நான்கு தினாரியம். அதே நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடீஸும் அதே இடங்களைத்தான் சொல்கிறார். இஞ்சி கெட்டுப்போகாமலிருக்கப் பதப்படுத்தி மண்பாண்டங்களில் இட்டு இத்தாலிக்கு அனுப்பினார்கள் என்கிறார். முசிறியையும் மிளகையும் விரிவாகப் பேசும் ‘எரித்திரேயக் கடற்பயணம்’ என்ற கிரேக்க வழிகாட்டி நூலில் இஞ்சி இல்லவே இல்லை.

இந்த மௌனம் முக்கியமானது என்று நினைக்கிறேன். மிளகை உரோமர் மேற்குக்கரைத் துறைகளில் நேரில் வந்து வாங்கினார்கள். இஞ்சியை அரபு, ஆப்பிரிக்க இடைத்தரகர்களிடம் வாங்கி, அது அவர்கள் நாட்டுப் பொருள் என்றே நம்பினார்கள். நேரே முசிறியில் சேரநாட்டானிடம் கேட்டு எழுதிக்கொண்ட சொல்லாக இருந்தால், அது ‘ஸிங்கிபெரிஸ்’ என்ற அளவுக்கு உருமாறியிருக்காது. ‘கிரேக்கக் கப்பல்காரன் முசிறியில் இஞ்சிவேர் என்று கேட்டான்’ என்ற கதை மேடைக்கு அழகாக இருக்கும். நூல்கள் காட்டும் வழியோ சுற்றுவழி.

நாகூர் வாசகர்

துறைமுகத்தான் சொன்ன சுற்றுவழிக்கு அரபுப் பக்கத்தில் தடம் இருக்கிறது. குர்ஆனின் 76-ஆம் அத்தியாயம் 17-ஆம் வசனத்தில், சொர்க்கவாசிகளுக்குப் புகட்டப்படும் பானத்தில் கலந்திருப்பதாகக் கூறப்படுவது ‘ஸஞ்சபீல்’, அதாவது இஞ்சி. இது அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்ததன்று. பாரசீக வழிச் சொல் என்று இடைக்கால அரபு அறிஞர்களே குறித்திருக்கிறார்கள். மேற்காசியாவின் பழைய மொழியான சிரியாக்கிலும் ‘ஸங்கபீல்’ என்றே வருகிறது. கிரேக்கத்தில் கண்ட அதிர்வொலி முதலெழுத்து இங்கும் நிற்பதைக் காண்கிறோம். இறுதியில் ‘ர்’ மட்டும் ‘ல்’ ஆகியிருக்கிறது. மிளகின் பெயரில் இதன் எதிர்மாற்றம் நடந்தது: இந்தியாவின் ‘பிப்பலீ’ மேற்கே போகும்போது ‘ல்’ என்பது ‘ர்’ ஆகிக் கிரேக்கத்தில் ‘பெபெரி’ ஆயிற்று. திப்பிலியின் பெயர் மிளகின் மேல் ஏறிக்கொண்டது அந்தப் பயணத்தின் இன்னொரு விளைவு.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். ஒலியன் ஐயா குறிப்பிட்ட 1886 அகராதி, ஐரோப்பியச் சொல் அரபிலிருந்து வந்ததாகக் கருதுகிறது. குர்ஆன் அருளப்பட்டது 7-ஆம் நூற்றாண்டில். பிளினியும் டயாஸ்கோரிடீஸும் அதற்கு 500 ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவர்கள். ஆதலால் அரபு வடிவம் கிரேக்க வடிவத்துக்குத் தாய் ஆகாது. உடன்பிறப்பு என்று சொல்லலாம்.

புதியவன்

அப்படியானால் ‘ரைஸ்’ என்பது ‘அரிசி’யிலிருந்து வந்தது என்பதையும் இதே முறையில் நிறுவலாமா?

அகராதிப்பித்தன்

அதற்குத் தனி இழை வேண்டும். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன். இஞ்சிக்குப் பாலி ஒரு பாலம் போல நடுவில் நிற்கிறது. அதன் ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் ‘வேர்’ என்ற சொல்லும் தெளிவாகத் தெரிகின்றன. கிரேக்கத்தின் ‘ஒரூஸா’வுக்கும் நம் ‘அரிசி’க்கும் இடையில் அப்படி ஒரு பாலம் இல்லை. சமஸ்கிருதத்தின் ‘வ்ரீஹி’, பஷ்தூனியரின் ‘வ்ரிஜே’ ஆகியவை ஈரானிய வழியையே காட்டுகின்றன.

துறைமுகத்தான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கப்பலேற்றுவதற்கு ஏற்றது உலர்ந்த சுக்குத்தானே, பிறகு ஏன் ‘சுக்கு’ என்ற பெயர் மேற்கே போகவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. டயாஸ்கோரிடீஸ் சொன்ன மண்பாண்டம் இதற்கு ஒரு விடை. இன்னொன்று, வணிகர்களிடம் பரவியிருந்தது பிராகிருதப் பெயர். அது பச்சை, உலர்ந்தது என்ற வேறுபாட்டைத் தன்னோடு கொண்டு போகவில்லை. வட இந்தியாவிலேயே பின்னர் இப்பெயர் ஒதுங்கி, ஈரமானது என்ற பொருளுடைய ‘ஆர்த்ரகம்’ இந்தியில் ‘அத்ரக்’ ஆகவும், உலர்ந்ததற்கான ‘சுண்டீ’ அங்கே ‘சோண்ட்’ ஆகவும் நிலைத்தன.

பொன்னிக்கரை

பாலி மாணவி காட்டிய ‘இ’கரத்துக்கு என்னிடம் இப்போது மறுப்பு இல்லை, ஆனால் எதிர்வழக்காடியின் நான்காம் கேள்விக்கு முழு விடை வரும்வரை ‘சிருங்கவேரம்’ தமிழ்ச்சொல்லின் திரிபு என்று உறுதியாக எழுதமாட்டேன், ‘தென்னாட்டுக் கூட்டுச்சொல்லாக இருக்கக்கூடும்’ என்றுதான் எழுதுவேன். இன்னொரு கேள்வி. கொம்பு பின்னர் ஒட்டவைக்கப்பட்டது என்கிறீர்கள். இப்படி ஒட்டவைப்பது வேறு மொழிகளிலும் இந்தச் சொல்லுக்கு நேர்ந்திருக்கிறதா?

அகராதிப்பித்தன்

நேர்ந்திருக்கிறது, அதுவும் ஆங்கிலத்திலேயே. பழைய பிரெஞ்சில் பதப்படுத்திய இஞ்சிக்கு ‘ஜிஞ்சம்ப்ராஸ்’ என்று பெயர். இடைக்கால இலத்தீனில் ‘கிங்கிப்ராத்தும்’. இச்சொல் 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் ரொட்டி என்ற பொருள் துளியும் இல்லை. ‘ப்ராஸ்’ என்ற பொருளற்ற இறுதி காதுக்கு ‘பிரெட்’ போலக் கேட்டதால் மக்கள் அதை அவ்வாறே ஒலித்தார்கள். பெயரில் ரொட்டி வந்த பிறகு, இஞ்சி சேர்த்த இனிப்பு ரொட்டிக்கே அந்தப் பெயர் உரியதாயிற்று. சிருங்கவேரத்தில் பொருளை மட்டும் மாற்றிய அதே செயல், ‘ஜிஞ்சர்பிரெட்’டில் தின்பண்டத்தையே மாற்றிவிட்டது.

கூடவே ஓர் எச்சரிக்கை: மெல்ல, பதமாக என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் ‘ஜிஞ்சர்லி’யை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் நயமான, மென்மையான என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இஞ்சிக்கும் அதற்கும், ஜெர்மானியரின் ‘இங்வெர்’ நமக்குக் காட்டிய அளவு உறவுகூட இல்லை.